ஜெர்சிக்குக் கீழே பட்டுப் பாவாடை

பையிலிருந்து வாடை வருகிறதா அக்கா? வந்தால் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள், மேல் தட்டில் போட்டுவிடுகிறேன். பூட்ஸ்தான். எத்தனை முறை கழுவி வெயிலில் வைத்தாலும் இந்த நாற்றம் போகாது. நான் சுத்தமான ஆள் அக்கா. வீட்டில் கேட்டுப் பாருங்கள், டம்ளரை முகர்ந்து பார்க்காமல் தண்ணீர் குடிக்க மாட்டேன். அப்படிப்பட்டவள் இந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஊர் ஊராக அலைகிறேன்.

ஆமாம், ஃபுட்பால். நீங்கள் சிரிக்கவில்லை, நல்லது. போன வாரம் ஆட்டோவில் ஒருவர், "பொம்பளைங்களுக்குப் பந்து சின்னதா இருக்குமா?" என்று கேட்டார். சென்னையில் கடலரசி என்று ஒரு கிளப். அதன் பெண்கள் அணியில் சம்பளத்துக்கு ஆடுகிறேன். எட்டாம் நம்பர், நடுக்களம். கோல் அடிக்கிறவள் இல்லை. கோல் அடிக்கிறவளுக்குப் பந்தைக் கொடுக்கிறவள்.

திண்டிவனத்தில் இறங்குவேன். அங்கே ஒரு கடை திறப்பு விழா. அந்த மேடையில் வைத்து எனக்கு இரண்டு வருட ஒப்பந்தம் கொடுக்கப் போகிறார்கள். பெண்கள் அணியில் இதுவரை யாருக்கும் ஒரு சீசனுக்கு மேல் கொடுத்ததில்லை. அப்பாவுக்கு ஒப்பந்தம் என்றால் புரியாது என்று போனில் காண்ட்ராக்ட் என்றேன். "எந்த ரோடு?" என்று கேட்டார். அவர் தார் ரோடு போடுகிற இடத்தில் வேலை பார்க்கிறவர். காண்ட்ராக்ட் என்றால் அவருக்கு ஜல்லி லாரிதான் ஞாபகம் வரும். "ரோடு இல்லப்பா, என்னைத்தான்" என்றேன். "உன்னையா? ரெண்டு வருசத்துக்கா?" என்றார். அப்புறம் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார்.

இது கிடைக்காவிட்டால் ஊருக்குத் திரும்ப வேண்டும். எங்கள் குடும்பத்தில் முதல் டிகிரி என்னுடையது, பி.காம். எங்கள் ஊரில் பி.காம் படித்த பெண்ணுக்கு இருக்கிற வேலை, ஜவுளிக்கடையில் நின்றுகொண்டே பில் போடுவது. அதற்கும் மாப்பிள்ளை கிடைக்கிற வரைக்கும்தான் விடுவார்கள். அதனால்தான் நான் எதையும் யோசித்துத்தான் பேசுவேன். நிச்சயமாகத் தெரியாத ஒன்றைச் சொல்லவே மாட்டேன். மற்றவர்கள் தப்பாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் சிரித்துக்கொள்வார்கள். நாங்கள் தப்பாகச் சொன்னால் "இதுங்க இப்படித்தான்" என்று ஆகிவிடும். காலேஜில் முதல் வாரமே அதைப் புரிந்துகொண்டேன்.

வேண்டாம் அக்கா, முறுக்கு வேண்டாம். வயிறு சரியில்லை. இரண்டு மூன்று நாளாகவே எதைப் பார்த்தாலும் குமட்டுகிறது.

கிளப் என்றால் என்னவோ என்று நினைத்துவிடாதீர்கள். ஆண்கள் அணிக்கு ஹோட்டல். எங்களுக்கு ஒரு ஃப்ளாட். மொத்த அணிக்கும் ஒரே குளியலறை. தண்ணீர் போகிற ஜல்லடையில் எப்போதும் முடி அடைத்துக்கொண்டு தண்ணீர் கணுக்கால் வரை நிற்கும். அதில் நின்றுதான் குளிக்க வேண்டும். பயிற்சிக்குக் கொடுக்கிற ஜெர்சி எல்லாம் ஆண்கள் போன வருடம் போட்டுக் கழித்தது. எத்தனை சோப்பு போட்டாலும் வேறு ஒருவருடைய வியர்வை அதிலிருந்து போகாது. அதைத் தலை வழியாகப் போடும்போது மூச்சை அடக்கிக்கொள்வேன். எங்கள் ஸ்பான்சர் யார் தெரியுமா? தாரகை டைல்ஸ். டைல்ஸ், குழாய், வாஷ்பேசின், மேற்கத்திய கக்கூஸ் எல்லாம் விற்கிறவர்கள். அந்தப் பெயரை மார்பில் எழுதிக்கொண்டு ஆடிவிட்டு வந்தால் ஃப்ளாட்டில் கக்கூஸில் தண்ணீர் வராது.

இதையெல்லாம் நான் யாரிடமும் புகாராகச் சொன்னதில்லை. புகார் சொல்கிறவள் இன்னொருத்தி.

ஆன்ஸ்லின். குமரி மாவட்டத்துக் கடற்கரைப் பெண். எங்கள் முன்கள ஆட்டக்காரி. என் அறையில்தான் இருந்தாள். அக்கா, நான் யாரையும் குறை சொல்கிறவள் இல்லை. ஆனால் அந்தப் பெண்ணோடு ஒரு அறையில் இருப்பது பெரிய சோதனை. கட்டிலுக்கு அடியில் டப்பாவில் கருவாடு வைத்திருப்பாள். ஈரத் துண்டை என் தலையணையில் போடுவாள். காலேஜில் சேர்ந்து பாதியில் விட்டுவிட்டு வந்தவள். பேச்சில் ஒரு ஒழுங்கு கிடையாது. வாட்ச்மேனிலிருந்து கிளப் சேர்மன் வரை எல்லாரிடமும் ஒரே குரல்தான். மெஸ்ஸில் சாம்பாரில் ஒருநாள் கரப்பான் கால் கிடந்தது. நான் ஓரமாக எடுத்துவைத்துவிட்டுச் சாப்பிட்டேன். அவள் தட்டைத் தூக்கிக்கொண்டு மேனேஜர் அறைக்கே போய்விட்டாள். "சார், மிச்ச கால் எங்க கிடக்குன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்றாள்.

ஆனால் களத்தில், பொய் சொல்லக்கூடாது, களத்தில் அவளைப் போல ஒருத்தியை நான் பார்த்ததில்லை. நான் நிமிர்ந்து பார்க்காமலே அடிப்பேன், பந்து போய்ச் சேருகிற இடத்தில் அவள் நிற்பாள்.

நடுக்களத்தில் ஆடுகிறவளுக்கு ஒரு வேலை இருக்கிறது அக்கா, பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. பந்து காலுக்கு வருவதற்கு முன்பே தோளுக்கு மேல் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட வேண்டும். பின்னால் யார் வருகிறாள், எந்தப் பக்கம் வருகிறாள் என்று. பார்க்காமல் பந்தை வாங்கினால் காலை உடைத்துவிடுவார்கள். நான் எப்போதும் பார்த்துவிடுவேன். எங்கள் கோச் ஃபிலோ மேடம், "ரஞ்சனிக்கு முதுகுலயும் கண்ணு" என்பார். அப்படியும் சில சமயம் தவறிப்போகும். அதற்காக, உடன் ஆடுகிறவர்கள் "ஆளு!" என்று கத்துவார்கள். பின்னால் ஆள் வருகிறது என்று அர்த்தம். ஆன்ஸ்லின்தான் சத்தமாகக் கத்துவாள். நான் பார்த்துவிட்ட பிறகும் கத்துவாள். "எனக்குத் தெரியும்டி, ஏன் காது கிழியுற மாதிரி கத்துற?" என்று கேட்டால், "தெரிஞ்சா நல்லது. தெரியலன்னா அதவிட நல்லது" என்பாள். அர்த்தமில்லாத பேச்சு.

சீசன் முடிகிற சமயம். ஒரே ஒரு மேட்ச் பாக்கி. அதில் ஜெயித்தால் லீகில் இருப்போம், தோற்றால் கீழ்ப் பிரிவுக்குப் போய்விடுவோம். அந்த வாரம் பார்த்து சேர்மன் பெண்ணுக்குக் கல்யாணம். ஈசிஆரில் பெரிய மண்டபத்தில் ரிசப்ஷன். மேனேஜர் தாமோதரன் சார் ஃப்ளாட்டுக்கு வந்தார். கூடத்தில் எங்களை உட்காரவைத்தார்.

"நம்ம வீட்டுக் கல்யாணம்மா இது. நீங்க எல்லாரும் வாசல்ல நின்னு வர்றவங்களுக்குப் பன்னீர் தெளிச்சு, சந்தனம், கற்கண்டு குடுக்கணும். அவ்வளவுதான்."

"மேட்ச் இருக்கே சார்" என்றார் ஃபிலோ மேடம்.

"ரிசப்ஷனுக்கும் மேட்சுக்கும் நடுவுல ஒரு நாள் முழுசா இருக்கு மேடம். பன்னீர் தெளிச்சா கால் வலிக்குமா?"

"கை வலிக்கும் சார்" என்றாள் ஆன்ஸ்லின். "நான் த்ரோ போடணும்லா."

எல்லாரும் சிரித்தார்கள். சாரும் சிரித்தார், ஆனால் அவளைப் பார்த்துச் சிரிக்கவில்லை. பிறகு உடை விஷயத்துக்கு வந்தார். "நம்ம டீம்னு தெரியணும், அதனால ஜெர்சி. ஆனா ட்ரவுசரோட மண்டபத்துல நிக்க முடியாது, பெரியவங்க வருவாங்க. அதனால மேல ஜெர்சி, கீழ பட்டுப் பாவாடை. சேர்மன் வீட்டம்மா ஐடியா."

"மேல கக்கூஸ் கம்பெனி, கீழ கல்யாணப் பொண்ணு" என்றாள் ஆன்ஸ்லின். "செரியாத்தான் இருக்கு."

நான் அவள் தொடையைக் கிள்ளினேன். சார் போகும்போது என்னிடம் மட்டும் நின்று சொன்னார். "ரஞ்சனி, நீதான் படிச்ச பொண்ணு. நீதான் இதுங்களப் பாத்துக்கணும். அடுத்த வருசத்துக்கு உன் பேரு மேலிடத்துக்குப் போயிருக்கு. ரெண்டு வருசம்னு சேர்மன் வாயால சொல்லியிருக்கார்." அப்போதுதான் முதல்முறை அதைக் கேள்விப்பட்டேன். அன்றைக்கு எனக்கு எதுவும் அருவருப்பாகத் தெரியவில்லை அக்கா. கரப்பான் காலோடு சாம்பாரைக் குடிக்கச் சொன்னால்கூடக் குடித்திருப்பேன்.

கல்யாணத்துக்கென்று புது ஜெர்சி தைத்திருந்தார்கள். ஆண்கள் போட்டது இல்லை, எங்கள் அளவுக்கே. அதுவரை எங்களுக்கென்று யாரும் எதையும் அளவெடுத்துத் தைத்ததில்லை. ஆனால் இடுப்பு வரைதான் வந்தது. கையைத் தூக்கினால் மேலே ஏறிவிடும். அதைப் போட்டுக்கொண்டு, பாவாடையைத் தடுக்காமல் பிடித்துக்கொண்டு, மண்டப வாசலில் இரண்டு வரிசையாக நின்றோம். ஒரு அம்மா, "எந்த ஸ்கூல்மா நீங்க?" என்று கேட்டார். ஒரு சின்னப் பையன் என் பாவாடையை இழுத்து, "கேட்டரிங் அக்கா, ஐஸ்கிரீம் எப்ப வரும்?" என்றான். ஆன்ஸ்லின் குனிந்து அவனிடம், "நாங்க ஜெயிச்ச பெறகு வரும் மக்ளே" என்றாள்.

அப்புறம் தாமோதரன் சார் வந்து, பாட்டுக் கச்சேரி நடுவில் ஒரு இடைவேளை, யாராவது பந்தைத் தட்டிக் காட்டினால் நன்றாக இருக்கும் என்றார். கீழே விழாமல் காலாலும் தொடையாலும் தட்டுவது. எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். யாராவது ஒருத்தி போய்த்தானே ஆக வேண்டும்? நான் போனேன். பட்டுப் பாவாடையை ஒரு கையால் முழங்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு, வழுக்குகிற தரையில், வெறுங்காலோடு தட்டினேன். ஒருமுறைகூட விழவில்லை. எல்லாரும் கைதட்டினார்கள். மேடையில் மணப்பெண்கூட எட்டிப் பார்த்தாள்.

முடித்ததும் சால்வை போட ஒருவர் வந்தார். வேதாசலம். மாப்பிள்ளைக்குத் தாய்மாமன். தாரகை டைல்ஸ் முதலாளி அவர்தான். சந்தன நிறத்தில் பட்டுச் சட்டை, கருகருவென்று தலைமுடி. சால்வையைப் போட்டுவிட்டு, "போட்டோ, போட்டோ" என்று பக்கத்தில் வந்து நின்றார். நான் பந்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். கீழே போட்டால் உருண்டு மேடைக்குப் போய்விடும் இல்லையா.

உங்களிடம் சொல்வதற்கென்ன அக்கா. நீங்கள் யாரோ, நான் யாரோ. முதலில் கட்டைவிரல் வந்தது. மோதிரத்தில் பெரிய கல், ஏசியில் ஜில்லென்று இருந்தது. ஜெர்சியின் ஓரத்தைத் தூக்கிக்கொண்டு மற்ற விரல்கள் உள்ளே வந்தன. பாவாடை நாடாவுக்கு மேல், வலது பக்கம். டைல்ஸ் கடையில் வழவழப்பாக இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார்களே, அப்படி. அவர் முகம் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தது. கை மட்டும் தனியாக வேலை பார்த்தது. அவர் வாயிலிருந்து பாக்கு வாசனை வந்தது. போட்டோக்காரர் "இன்னொண்ணு சார்" என்றார். விரல் நாடாவுக்குக் கீழே போனது.

அப்போதுதான் வாசல் பக்கத்திலிருந்து சத்தம் வந்தது. "எக்கா, ஆளு! பின்னால ஆளு!"

கல்யாண மண்டபத்தில் அப்படிக் கத்தலாமா? நீங்களே சொல்லுங்கள். கச்சேரிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் திரும்பவில்லை. அவள் பாவாடையை வாரிச் சுருட்டிக்கொண்டு, களத்தில் ஓடுகிற மாதிரியே ஓடி வந்தாள். கையில் வெள்ளிப் பன்னீர்ச் செம்பு. அதன் மூடியைத் திருகி எடுத்து, முழுச் செம்பையும் அவர் தலையில் கவிழ்த்துவிட்டாள். "கைய எடுல, சவமே" என்றாள்.

பன்னீர் ஊற்றியதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் அன்றுதான் தலைக்குச் சாயம் அடித்திருப்பார் போல. கறுப்புத் தண்ணீர் நெற்றியில் வழிந்து, மூக்கு நுனியில் சொட்டி, சந்தனச் சட்டையில் கோடு கோடாக இறங்கியது. ஒரு குழந்தை பயந்து அழுதது. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள், "நல்ல காரியத்துல கறுப்பு சிந்திடுச்சே" என்று வாயில் கை வைத்துக்கொண்டார்கள். எல்லாரும் அதைத்தான் பார்த்தார்கள். இன்றைக்கும் கறுப்பாக எது வழிந்தாலும் அந்த மூக்குதான் ஞாபகம் வருகிறது.

மறுநாள் காலை சேர்மன் ஆபீஸில் விசாரணை. தாமோதரன் சார், சேர்மனுடைய காலேஜ் பிரின்சிபால் சாரதாமணி மேடம், எங்கள் ஃபிலோ மேடம் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே போவதற்கு முன் ஃபிலோ மேடம் என்னை மாடிப்படி ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார். "ரஞ்சனி, நீ நடந்ததச் சொன்னாப் போதும். ஆன்ஸ்லின் மேல தப்பில்லேன்னு ஆயிடும். நாளைக்கு அவள இறக்கிடுவேன். நீ சொல்லலேன்னா இன்னிக்கே அவளக் கழட்டி விட்டுருவாங்க."

உள்ளே முதலில் சாயத்தைப் பற்றித்தான் வெகுநேரம் பேசினார்கள். மாப்பிள்ளை வீட்டில் பரிகாரம் செய்யச் சொல்கிறார்களாம். பிறகு சாரதாமணி மேடம் என் பக்கம் திரும்பினார்.

"உன்ன அவர் தொட்டாரா?"

"கூட்டமா இருந்துச்சு மேடம்."

"தொட்டாரா, இல்லையா?"

"நான் பந்தப் பாத்துட்டு இருந்தேன் மேடம். யார் கைன்னு நிச்சயமாச் சொல்ல முடியல."

தாமோதரன் சார் பேனாவை மூடிவைத்துவிட்டார். ஃபிலோ மேடம் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆன்ஸ்லின் சுவரோரமாக நின்றிருந்தாள். "ஒனக்கா எக்கா? பின்னால ஆளு வந்தது ஒனக்குத் தெரியாதாக்கும்?" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அதற்கே சாரதாமணி மேடம், "வாய மூடு" என்றார்.

என்ன அக்கா பார்க்கிறீர்கள்? அது பொய் இல்லை. கையை நான் கண்ணால் பார்த்தேனா? பார்க்கவில்லை. முதுகுப் பக்கம் நடந்தது. ஒரு மனிதர் மேல் பழி சொல்வதென்றால் கண்ணால் பார்த்திருக்க வேண்டாமா? கோர்ட்டில்கூட அப்படித்தானே கேட்பார்கள்? தொடவில்லை என்று நான் சொல்லவே இல்லை. யாரும் அப்படி எழுதிக்கொள்ளவும் நான் விடவில்லை. நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை என்றுதான் சொன்னேன். அதைத்தான் இத்தனை நாளும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஒழுங்கீனம் என்று அவளை அன்றே நீக்கினார்கள். அப்படி நீக்கினால் அந்த வருடம் வேறு கிளப்பிலும் சேர முடியாது.

மறுநாள் மேட்ச். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கடைசி வரை கோல் இல்லாமல் இருந்தது. முடிகிற சமயத்தில் எனக்குப் பந்து வந்தது. திரும்பிப் பார்த்தேன், பின்னால் ஆளில்லை. நல்ல இடம். நிமிர்ந்து பார்க்காமல் இடது பக்கம் அடித்தேன். ரொம்ப அழகான பாஸ் அக்கா, அந்த சீசனில் நான் கொடுத்ததிலேயே அழகானது. அந்த இடத்தில் யாரும் இல்லை. அவளுக்குப் பதிலாக இறங்கிய பெண் எங்கோ பின்னால் நின்றாள். பந்தை எதிரணிக்காரி நெஞ்சில் வாங்கி, அப்படியே கொண்டுபோய் எங்கள் வலையில் கோல் போட்டுவிட்டாள். நாங்கள் கீழ்ப் பிரிவுக்குப் போய்விட்டோம். ஒரு சீசன் உழைப்பு. எல்லாம் யாரால்? ஒரு செம்பு பன்னீரால். இன்னும் ஒரே ஒரு மேட்ச் பொறுத்திருக்கக்கூடாதா? நான் பொறுத்துக்கொள்ளவில்லையா? தொடப்பட்டவளே சும்மா இருக்கும்போது பக்கத்தில் நிற்கிறவளுக்கு என்ன?

தொடப்பட்டவள் என்றா சொன்னேன்? ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

அவள் ஊருக்குப் போகிற அன்று நான்தான் பஸ் ஸ்டாண்டுக்குப் பை தூக்கிக்கொண்டு போனேன். மற்றவர்கள் யாரும் வரவில்லை, சேர்மன் ஆட்கள் பார்த்துவிடுவார்கள் என்று பயம். எனக்கும் பயம்தான், ஆனால் போனேன். அதையாவது நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். அவள் கோபமாகத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் பதில் சொல்ல எல்லாம் யோசித்து வைத்திருந்தேன். அவள் கருவாட்டு டப்பாவை என் கையில் கொடுத்தாள்.

"இத நீ வெச்சுக்க எக்கா. அந்த மெஸ்ஸுக்கு இதாவது வேணும்."

"எனக்கு எதுக்குடி? எனக்கு இந்த வாடையே ஆகாது."

"ஒனக்கு எந்த வாடைதான் ஆகும்?" என்று சிரித்தாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, ஜன்னல் வழியாகக் குனிந்து சொன்னாள். "எக்கா, இனி ஆளுன்னு கத்துகதுக்கு நான் இருக்க மாட்டேன். நீதான் பாத்துக்கிடணும்."

எவ்வளவு திமிர் பாருங்கள். இத்தனை வருடம் யார் கத்தி நான் ஆடினேன்? டப்பாவை அங்கேயே குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.

ஃபிலோ மேடம் இப்போது என்னோடு பேசுவதில்லை. வேலையை விட்டுவிட்டார். போன் செய்தால் எடுப்பதில்லை. ஏன் என்று புரியவில்லை, நான் அவரிடம் ஒருநாளும் மரியாதைக் குறைவாக நடந்ததில்லை. மற்ற பெண்களும் ஊருக்குப் போய்விட்டார்கள். ஃப்ளாட்டில் நான் மட்டும்தான். குளியலறை எனக்கு மட்டும்தான். ஜல்லடையில் முடி இல்லை. ஆனாலும் குளித்து முடித்தால் குளித்த மாதிரி இல்லை. வலது பக்கம் மட்டும் திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டே இருக்கிறேன். தோல் தடித்துவிட்டது. டாக்டர் சோப்பை மாற்றச் சொன்னார்.

முந்தாநாள் தாமோதரன் சார் வந்தார். "கங்கிராட்ஸ்மா, ரெடியாயிடுச்சு" என்றார். "டீம் யார் யார் சார்?" என்று கேட்டேன். "டீமெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல நீ" என்றார். டீம் இல்லாமல் நடுக்களத்தில் எப்படி ஆடுவது என்று கேட்க வந்தது. கேட்கவில்லை. எதற்கு ஆரம்பத்திலேயே ஒரு சங்கடம்.

திறப்பு விழா தாரகை டைல்ஸ் கடைக்குத்தான் அக்கா. திண்டிவனத்தில் புதுக் கிளை. வேதாசலமே சேர்மனுக்குப் போன் செய்து, அந்த எட்டாம் நம்பர் பெண் கையால் ரிப்பன் வெட்டக் கத்தரியைக் கொடுக்க வேண்டும், பந்தைத் தட்டிக் காட்ட வேண்டும், ஒப்பந்தக் காகிதத்தை அவரே என் கையில் தருவார் என்று சொன்னாராம். பெரிய மனசு என்று தாமோதரன் சார் சொன்னார். நடந்ததை எல்லாம் அவர் மறந்துவிட்டாராம். கல்யாணத்துக்குத் தைத்த அதே ஜெர்சியைத்தான் கொண்டுவரச் சொன்னார்கள். பாவாடை அங்கேயே வாங்கி வைத்திருக்கிறார்களாம். கடைக்குப் பின்னால் அவருடைய ரூம் இருக்கிறது, அதில் மாற்றிக்கொள்ளலாமாம். தாமோதரன் சார் வரவில்லை. அவருக்கு வேறு வேலை.

ஒரு நாள் அக்கா. ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். அப்புறம் இரண்டு வருடம் என் கால், என் பந்து.

மேல்மருவத்தூர் தாண்டிவிட்டோமா? அச்சிறுபாக்கமா இது? அப்படியானால் பக்கத்தில் வந்துவிட்டது.

அக்கா, உங்களிடம் ஊக்கு இருக்கிறதா? சேஃப்டி பின். என்னிடம் ஒன்று இருக்கிறது, ரொம்பச் சின்னது, அழுத்தினால் வளைந்துவிடுகிறது. கொஞ்சம் பெரியதாக இருந்தால் நல்லது. வேறு எதற்கும் இல்லை, ஜெர்சியையும் பாவாடையையும் சேர்த்துக் குத்திக்கொள்ளத்தான். கையைத் தூக்கினால் மேலே ஏறுகிறது என்றேனே. வலது பக்கம் குத்தினால் போதும். ரொம்ப உள்ளே தள்ளாமல், முனை கொஞ்சம் வெளியே தெரிகிற மாதிரி. இல்லை அக்கா, என்னைக் குத்தாது. நான் பார்த்துத்தான் குத்திக்கொள்வேன்.

ஐயோ, உங்கள் முந்தானையில் இருப்பதையா கழற்றுகிறீர்கள்? வேண்டாம், சேலை நழுவும். சரி, கொடுங்கள். நல்ல கனமாக இருக்கிறது.

இன்னொன்றா? ஒன்று போதும் அக்கா.

சரி. அதையும் கொடுங்கள்.